நட்சத்திரப் பெட்டியில் ஒரு சிப்பம் குறைவு

பொதுமக்களின் நலன் கருதி, நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்ப்பதென்று மேலிடத்தில் முடிவு செய்யப்பட்டது. பிரித்துப் பார்க்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைத் தஞ்சாவூரில் செய்வதென்றும் அதே மூச்சில் முடிவானது. ஏன் தஞ்சாவூர் என்று கேட்காதீர்கள். புறவழிச்சாலையில் நெல் கிடங்கு வளாகத்துக்குள் ஒரு கட்டடம் சும்மா கிடந்தது. இதற்கு மேலும் காரணம் வேண்டும் என்பவர்கள் இந்த நாட்டில் எந்த ஆபீசிலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டடத்துக்கு வெள்ளையடித்து ‘காவிரிப் படுகை வானியல் கருவி வடிவமைப்பு மையம்’ என்று போர்டு மாட்டினார்கள். அலுவலகக் கண்காணிப்பாளராக என்னைப் போட்டார்கள். என் பெயர் பெரியநாயகசாமி. வானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அறுப்பு நேரம் பார்த்துத்தான் அது கொட்டும் என்பது ஒன்றுதான். இயக்குநர் நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் நெல் கொள்முதலைக் கவனித்துக்கொண்டிருந்த பகலவன் சாரிடம் அதை ‘முழுக் கூடுதல் பொறுப்பாக’ ஒப்படைத்தார்கள். காலையில் நெல், சாப்பாட்டுக்கு மேல் நட்சத்திரம். நல்ல மனுஷன்தான். சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர். அந்தப் பயத்திலேயே தலைமுடி அத்தனையும் கொட்டிப்போனவர்.

வேலை தெரிந்த ஆள் என்று ஒருத்தர் மட்டும் தவறுதலாக எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். நுஸைபா, அதிராம்பட்டினத்துப் பெண், இயந்திரப் பொறியாளர். ஆள் சின்னது, வாய் பெரியது. பெட்டியை வடிவமைக்கிற பொறுப்பு முழுக்க அவர் தலையில்தான். கோப்பில் அந்தப் பெட்டிக்கு ‘நிறமாலைவரைவி’ என்று பெயர். யாருக்கும் வாயில் நுழையாததால் பெட்டி என்றே சொன்னோம்.

வந்த புதிதில் ஒருநாள் டீக்கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். “ஏம்மா, உள்ள லென்சு, கண்ணாடி எல்லாம் வெளியூர்லேருந்து வருதுங்கறாங்க. அதைப் பெட்டியில வச்சு மூட வேண்டியதுதானே? இதுல நீங்க வடிவமைக்க என்ன இருக்கு?”

அவ்வளவுதான், டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒரு மெல்லிசான இடுக்கு வழியா பெட்டிக்குள்ள வரும். உள்ள வந்து வானவில் மாதிரி நிறம் நிறமா விரியும். அதுல கறுப்புக் கோடு கோடா தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நட்சத்திரத்துல என்ன இருக்கு, அது நம்ம பக்கம் வருதா, விலகிப் போகுதான்னு சொல்ல முடியும். புரியுதா?”

“புரியுது, சொல்லுங்க.”

“இந்தப் பெட்டி தொலைநோக்கியோட முதுகுல தொங்கும். அது சாயும்போது இதுவும் சாயும். சாயும்போது ஒரு முடி அளவுகூட வளையக் கூடாது. வளைஞ்சா கோடு நகர்ந்துடும். அப்புறம் நட்சத்திரம் ஓடுதா, நம்ம பெட்டி நெளியுதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. வளையாம இருக்கணும்னு கனமா செஞ்சாலும் ஆபத்து. நூத்திப் பத்து கிலோவுக்கு மேல தொலைநோக்கி தாங்காது. இதுதான் சார் என் வேலை.”

எனக்கு அந்த டீ முடிவதற்குள் இந்தப் பெண்ணின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆபீசில் இப்படி யாராவது வேலையைப் பற்றிப் பேசிக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது!

தொலைநோக்கி இருந்தது மேற்கே ஒரு மலை உச்சியில். அங்கே வானியலாளர் விண்ணரசி என்று ஒரு அம்மா. வாரம் தவறாமல் போன் செய்வார். “மலையில வானம் தெளியறது தை மாசத்துலதான். அதுக்குள்ள பெட்டி வந்தாகணும். வரலைன்னா தொலைநோக்கியில நம்ம எடத்தை வேற ஊர்க்காரங்களுக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் உங்க பெட்டி காலத்துக்கும் கிடங்குலதான் கெடக்கும்.” நுஸைபா மூன்று வருஷம் ராப்பகலாக உழைத்தார். அவருடைய உம்மா போனில், “இன்னுமா அந்தப் பொட்டி முடியல? ஒரு பீரோ செய்யிறவன்கூட வாரத்துல முடிச்சுடறானே!” என்று கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார்.

மார்கழி கடைசியில் பெட்டி தயாராகிவிட்டது. அலுமினியத் தகடுகளின் உள்பக்கம் முழுக்க முக்கோணம் முக்கோணமாகக் குடைந்து, வரம்பு மட்டும் விட்டுவைத்த வயல்போல இருந்தது. உள்ளே கன்னங்கறுப்பு. தொலைநோக்கியில் மாட்ட மூன்றே மூன்று கால்கள். பார்க்கவே அழகாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, எனக்கே தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தொட்டேன், நுஸைபா கையைத் தட்டிவிட்டார்.

ஒப்புதல் கொடுக்கப் பகலவன் சார் வந்தார். சம்பா கொள்முதல் தொடங்கிவிட்ட நேரம். வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. மனுஷன் சட்டையெல்லாம் உமித்தூசியோடு வந்து நின்று, பழக்கதோஷத்தில் முதல் கேள்வியைக் கேட்டார்.

“எடை?”

இந்தக் கேள்விக்காகவே நுஸைபா காத்திருந்தார். “முதல் திட்டத்துல நூத்தி முப்பத்தாறு கிலோ சார். இப்ப வெறும் தொண்ணூத்தாறு! நாப்பது கிலோ எடுத்துட்டேன்!”

பகலவன் சார் முகத்தில் ரத்தம் இல்லை.

“நாப்பது கிலோவா?”

“ஆமா சார்!”

“அப்ப ஒரு சிப்பம் குறையுது.”

நெல் கொள்முதலில் மூட்டைக்குச் சிப்பம் என்று பேர். சிப்பத்துக்கு நாற்பது கிலோ. அவருடைய உலகத்தில் மழை வரலாம், வெள்ளம் வரலாம், அமைச்சரே வரலாம். ஒரு சிப்பம் மட்டும் குறையக் கூடாது.

“எடுத்து எங்கம்மா வச்சீங்க?”

“எங்கயும் வைக்கலை சார். தேவையில்லாத எடத்துல குடைஞ்சு எடுத்தது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “குறிச்சுக்குங்க. குடைந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.”

“ஐயோ சார், எடையைக் குறைக்கறதுதான் சார் என் வேலையே!”

“அதையும் குறிச்சுக்குங்க. எடையைக் குறைப்பதே தமது வேலை என்றும் தெரிவித்தார்.”

குறித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? அரசாணையை எடுத்துப் பார்த்தால் அதில் தெளிவாக இருக்கிறது: ‘நூற்று முப்பத்தாறு கிலோ எடையுள்ள நிறமாலைவரைவி, ஒன்று.’ முதல் திட்டத்தில் எழுதிய எடையை அப்படியே போட்டு ஆணை பிறப்பித்திருந்தார்கள். கையில் இருப்பது தொண்ணூற்றாறு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நாங்கள் திருடர்கள்தான்.

உடனே ‘எடைக் குறைவு தொடர்பான உயர்மட்டத் தொழில்நுட்ப ஆய்வுக் குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. குழு என்றால் காதர் மைதீன் பாய் ஒருத்தர்தான். நெல் தரக்கட்டுப்பாட்டில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலையிலேயே குத்தூசியும் கையுமாக வந்துவிட்டார். மூட்டைக்குள் குத்தி உள்ளே இருக்கிற நெல்லைச் சாம்பிள் எடுப்பார்களே, அந்தக் குத்தூசி.

நுஸைபா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் பாய்ந்தார். “சார், சார்! அதைக் கொண்டு உள்ள விட்டீங்கன்னா எல்லாம் போச்சு!”

“சாம்பிள் எடுக்காம எப்படிம்மா தரம் சொல்றது? ஊர் உலகத்துல நடக்காததைப் பேசறியே!”

அரை மணி நேரம் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பெட்டிக்குப் பதிலாக, லென்சு வந்து இறங்கிய தெர்மாகோலைக் குத்திச் சாம்பிள் எடுத்துக்கொண்டார். அடுத்து ஈரப்பதம் பார்க்கும் மீட்டரைப் பெட்டிமேல் வைத்தார். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பதினேழுக்கு மேல போனா எடுக்க மாட்டோம். விவசாயிங்க ரோட்டுல காயப்போட்டு உயிரை விடுவாங்க. இது பூஜ்யம்! இப்படி ஒரு காஞ்ச சரக்கை நான் பார்த்ததே இல்ல. யா அல்லாஹ்!”

“அப்ப எடுத்துக்கலாம்ல சார்?” என்றார் நுஸைபா ஆசையாக.

“அவசரப்படாதம்மா. ஈரமும் இல்ல, எடையும் இல்லைன்னா அது என்ன?” பாய் எங்களைச் சுற்றிப் பார்த்தார். “பதர்.”

பதரா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. தூற்றிப் பார்க்க வேண்டும். களத்தில் ஓடிக்கொண்டிருந்த தூற்றும் இயந்திரத்தின் முன்னால் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்கள். நுஸைபா அதற்குப் பாலிதீன் சுற்றி, அதற்குமேல் தன் துப்பட்டா ஒன்றையும் சுற்றி, பக்கத்தில் நின்று தும்மிக்கொண்டே காவல் காத்தார். காற்று அடித்தது. உமி பறந்தது, வைக்கோல் பறந்தது, என் மதியச் சாப்பாட்டு டோக்கன் பறந்தது. பெட்டி பறக்கவில்லை. பாய் சான்றிதழ் எழுதினார்: ‘பதர் அல்ல. முற்றாத கருக்காய் அல்ல. கல், மண், களை விதை கலப்பில்லை. மனித நுகர்வுக்கு உகந்ததா என்பது பற்றி இக்குழு கருத்துக் கூற இயலாது.’

அப்பாடா என்று மூச்சுவிட்டோம். அப்போதுதான் பகலவன் சார் பெட்டியைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார்.

“மூணு கால்தான் இருக்கு. நாலாவது?”

“மூணு எடத்துல உக்காந்தாதான் சார் முறுக்காம இருக்கும். நாலு வச்சா எதாவது ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும்.”

“என் மேஜைக்கு நாலு கால் இருக்கே?”

“அது ஆடுதே சார். நீங்களே அட்டை மடிச்சு வச்சிருக்கீங்க.”

“நாலாவது கால் இல்லைன்னா அட்டையை எங்கம்மா வைக்கறது?”

  நுஸைபா உதட்டைக் கடித்துக்கொண்டு போய், நான்காவதாக ஒரு குட்டிக் காலைச் செய்து, எதன்மேலும் படாமல் அந்தரத்தில் தொங்கும்படி மாட்டினார். ஆய்வுக்குழு அதற்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்துத் திருப்தி தெரிவித்தது.

மிச்சம் இருந்தது காணாமல்போன அந்த ஒரு சிப்பம். இதற்குப் பகலவன் சாரே ஒரு தீர்வு கண்டுபிடித்தார். இப்போதெல்லாம் எதைத் திறந்தாலும் கல்வெட்டு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் நிழற்குடைக்குக் கல்வெட்டு, தண்ணீர்த் தொட்டிக்குக் கல்வெட்டு, பக்கத்தில் ஒரு செல்ஃபி பாயின்ட், ட்ரோன் வீடியோ, மேடையில் உட்கார்ந்தபடியே ரிமோட் பட்டனை அமுக்கித் திரையை விலக்குவது. நட்சத்திரத்துக்கு மட்டும் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்?

“நாப்பது கிலோவுல ஒரு கிரானைட் கல்வெட்டு. பெட்டிமேலேயே பதிச்சுடுங்க. எடையும் நேராயிடும், மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு.”

“சார், நூத்திப் பத்துக்கு மேல தொலைநோக்கி தாங்காது!”

“தாங்கலைன்னா அது தொலைநோக்கியோட குறைபாடும்மா. அது வேற துறை.”

கல்வெட்டில் யார் யார் பெயர் என்று ஒரு கூட்டம் போட்டோம். ஆரம்பித்தவர்கள், பரிந்துரைத்தவர்கள், ஒப்புதல் தந்தவர்கள். வேண்டாம் என்று எழுதியவர்களையும் விட முடியாது, நாளைக்கு அவர்கள் மேலே வந்தால்? அவர்களைக் ‘கருத்து வேறுபாட்டுடன்’ என்று போட்டோம். காதர் மைதீன் பாய்க்கு ‘ஈரப்பதம்’. தூற்றும் இயந்திரம் ஓட்டியவரின் சங்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்கள், அவர் பெயரும் ஏறியது. ஒரு பெயர் கூடினால் ஒரு வரி கூடும், வரி கூடினால் கல் கூடும். விண்ணரசி அம்மாவை விட்டால் மலையில் கோபித்துக்கொள்வார்கள் என்று அவரையும் சேர்த்தோம். தட்டச்சு செய்த தாளில் கடைசியாக என் பெயரும் இருந்தது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கல் வந்து இறங்கியது. நாலு லோடுமேன்கள் மூச்சுமுட்டத் தூக்கி நெல் தராசில் வைத்தார்கள். பகலவன் சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நூத்தி முப்பத்தாறு.”

“கல்லு மட்டுமா சார்?” என்றேன்.

“கல்லு மட்டும். ஆணையில என்ன போட்டிருக்கு?”

“நூத்தி முப்பத்தாறு.”

“அப்ப சரக்கு முழுசா வந்து சேர்ந்தாச்சுங்க! ஒரு கிலோ கூட இல்ல, குறைய இல்ல!” சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை பெட்டியின்மேல் விழுந்திருந்தது. “அப்ப இது?”

பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இது கூடுதல். தொண்ணூத்தாறு கிலோ கூடுதல்! ஐயையோ பெரியநாயகசாமி, குறைஞ்சா திருடினோம்னு மெமோ, கூடினா விவசாயிகிட்ட அடிச்சுப் புடுங்கினோம்னு மெமோ. ஆடிட்டு வர்றதுக்குள்ள இதை ஒடைச்சுக் காயலான் கடையில போட்டுடுங்க.”

“எந்த விவசாயி சார் பெட்டி விளைவிச்சான்?” நுஸைபா கத்தினார். கத்திய வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, “மூணு வருஷம் சார்… ஒரு முடி வளையாது சார் இது… ஒரே ஒருதடவை மேல கொண்டு போய் மாட்டிப் பார்க்க விடுங்க சார்” என்றார். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து விண்ணரசி அம்மா போன். தை பிறந்துவிட்டது, வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பெட்டி எங்கே என்கிறார்.

 மாதாவே, இந்தப் புள்ளைக்கு ஒரு வழி காட்டக் கூடாதா என்று நினைத்தேன். வழி வாசலிலேயே கிடந்தது. நெல்லைக் குத்திப் பார்ப்பார்கள், கடித்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். அது இருக்கிற சாக்கை எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராகப் பகலவன் சார் அறைக்குப் போனேன்.

“சார், கல்வெட்டு மலைக்குப் போகணும். கிரானைட்டு. வழியில விரிசல் விட்டுச்சுன்னா?”

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு ஒரு பெட்டி வேணுமே? பெட்டிக்கு டெண்டர் விடணுமே?”

“பெட்டி ஒண்ணு இருக்கே சார்.”

அவர் என்னையே பார்த்தார். மெதுவாக முகம் மலர்ந்தது. “சாக்கு!”

“ஆமா சார். சரக்கு கல்லு. பெட்டி அதோட சாக்கு.”

“சாக்கை எடையில சேர்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கே! நீங்க பெரிய ஆளுங்க!”

அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றினோம்: ‘சாக்கு, அலுமினியம், ஒன்று.’ லாரியில் கல்வெட்டை வைக்கோல்மேல் கிடத்தினார்கள். சாக்கை நுஸைபா ரப்பர் மெத்தை போட்டு, பஞ்சு வைத்து, நாலு பக்கமும் ஸ்பிரிங் கட்டி ஏற்றினார். லாரி டிரைவர், “சாக்குக்கு ஏம்மா இத்தனை சீர்?” என்று கேட்டார். நுஸைபா லாரியிலேயே ஏறிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து மலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் ஆபீசுக்குப் போன் வந்தது. விண்ணரசி அம்மாதான். “சார், தொலைநோக்கியை இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் சாய்ச்சோம் சார். கோடு நகரவே இல்ல! இருந்த எடத்துல அப்படியே நிக்குது!” பின்னால் நுஸைபா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தேன். பகலவன் சாரும் இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டார். எதற்கு என்று கேட்டார். கல்வெட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்றேன்.

தை போனது, மாசி போனது. மலையில் தினமும் வேலை நடந்தது. ஏதோ ஒரு நட்சத்திரம் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். வரட்டும் என்றேன்.

பங்குனியில் சம்பா கொள்முதல் முடிந்தது. முடிந்தால் சாக்குக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். போன சாக்கு எத்தனை, காலியாகித் திரும்பியது எத்தனை. பகலவன் சார் வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“அலுமினியச் சாக்கு ஒண்ணு திரும்பலையே?”

“மலையில இருக்கு சார்” என்றேன்.

அவரும் காதர் மைதீன் பாயும் நானும், அதற்குள் ஊர் திரும்பியிருந்த நுஸைபாவும் ஜீப்பில் மலைக்குப் போனோம். போய்ப் பார்த்தால், கல்வெட்டு மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். பெட்டி தொலைநோக்கியின் முதுகில் தொங்குகிறது. பகலவன் சாருக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“சரக்கைத் தரையில போட்டுட்டுச் சாக்கை மாட்டி வச்சிருக்கீங்களே மேடம், இது நியாயமா?”

“சார், இதுதான் கருவி!” என்றார் விண்ணரசி அம்மா.

“நெல்லைக் கொட்டிட்டுச் சாக்கையா மேடம் அவிப்பீங்க?”

நுஸைபா முன்னால் வந்தார். “சார், நான் எழுதிக் கொடுக்கறேன். பெட்டிதான் நிறமாலைவரைவி. கல்வெட்டு வெறும் கல்லு.”

“அப்படியா?” பகலவன் சார் குரல் தணிந்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். “அப்ப நாப்பது கிலோ குறையுதேம்மா. அந்த விசாரணையைத் திரும்ப ஆரம்பிக்கணுமே. குடைஞ்சு எடுத்தேன்னு உங்க வாக்குமூலம் வேற இருக்கு. பரவாயில்லையா?”

நுஸைபா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன்.

பெட்டி கீழே இறங்கியது. சரக்கு மேலே ஏற வேண்டும். நூற்று முப்பத்தாறு கிலோவைத் தொலைநோக்கி தாங்காது என்றார்கள். தொலைநோக்கிக்குள் இருக்கிற பெரிய கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தாங்குமா என்று பகலவன் சார் கேட்டார். தாங்கும் என்பதை விண்ணரசி அம்மாவால் மறுக்க முடியவில்லை. கழற்றினார்கள். கல்வெட்டு விழாமல் தொங்க ஒரு தாங்கி செய்யச் சொல்லி நுஸைபாவுக்கே உத்தரவு. அந்தப் பெண்ணுக்கு அரைகுறை வேலை செய்யத் தெரியாது, அதுதான் அவர் பண்ணிய பாவம். மூன்றே இடத்தில் பிடித்து, வெயிலுக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்து, எப்படிச் சாய்த்தாலும் ஒரு முடி வளையாமல் கல்வெட்டு நிற்கும்படி செய்து கொடுத்தார். கல்லில் இருக்கும் எழுத்தைக் கீழே நிற்பவர்கள் படிக்க வேண்டுமே. அதற்குத் தோதாகத் தொலைநோக்கியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள். இப்போது அதன் முகம் கேன்டீன் சுவரைப் பார்த்திருக்கிறது.

பெட்டி தஞ்சாவூருக்குத் திரும்பி வந்தது. வெளிச்சம் போகாது, தூசி போகாது, எலி போகாது என்று கண்டுபிடித்து, காதர் மைதீன் பாய் அதற்குள் விதைநெல் போட்டு வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாக்கு வந்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

சித்திரையில் மலையில் திறப்பு விழா. மேடையில் ரிமோட்டை அமுக்கினார்கள், திரை விலகியது, ட்ரோன் பறந்தது. விழா முடிந்து பொதுமக்களை வரிசையில் விட்டார்கள். நானும் நுஸைபாவும் வரிசையில் நின்றோம்.  அவர், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விடப் போகிறேன் என்றார். போம்மா, போய் நல்லா இரு என்றேன், மனசார.

கல்வெட்டுக்கு முன்னால் வந்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தார். என்ன தோன்றியதோ, நிமிர்ந்தார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். ‘வடிவமைப்பு: நுஸைபா.’ பொன் எழுத்து, ஒரு எழுத்துப் பிழை இல்லை.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, போனை என் கையில் கொடுத்தார்.

“சார், ஒரு போட்டோ எடுங்க. பேரு தெரியற மாதிரி. உம்மாவுக்கு அனுப்பணும்.”

எடுத்தேன். பிறகு என் பெயர் இருக்கும் வரிக்குப் பக்கத்தில் நான் நின்றேன், அவர் எடுத்தார். அந்தப் பக்கம் விண்ணரசி அம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து தன் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தார். நம் பக்கம் வந்துகொண்டிருந்ததே, அந்த நட்சத்திரம் என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்க நினைத்தேன். போட்டோ எடுக்கிற அவசரத்தில் மறந்துபோனது.

நீங்களும் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்ன சிரிக்கிறீர்கள்? கல்வெட்டில் கடைசியில் இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது, பகலவன் சாரிடம் நான் சொன்னால் தட்ட மாட்டார். உங்கள் பெயருக்கு இனிஷியல் என்ன?